வேலைக்கு ஆள் எடுக்கும் ஆளுமை வினாத்தாளைத் திருத்துகிறோம்: எதை வைப்பது, எதை எடுப்பது?

பின்னலாடை_மனிதவளம்

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். லைன் சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் ஓர் ஆளுமை வினாத்தாள் கொடுக்கிறோம். மொத்தம் 160 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘முழுக்கச் சரி’ முதல் ‘கொஞ்சமும் இல்லை’ வரை ஐந்து கட்டம். நான் சேர்வதற்கு முன்பே யாரோ ஓர் ஆலோசகர் தயாரித்துக் கொடுத்தது. எங்கிருந்து எடுத்தார், எப்படிச் சரிபார்த்தார் என்று சொல்ல அலுவலகத்தில் ஒரு தாள்கூட இல்லை. மதிப்பெண் போடும் அட்டை மட்டும் இருக்கிறது.

நிர்வாகம் இப்போது கேட்பது இதுதான்: 160 கேள்விகளை 60 ஆக்க வேண்டும், செல்போனிலேயே முடிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பழைய கட்-ஆஃப் 50 அப்படியே இருக்கட்டும். மொழியைக் கொஞ்சம் சீர்செய்தால் போதும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சில வாக்கியங்களைப் பாருங்கள்:

“நான் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.”
“விருந்துகளில் அறிமுகமில்லாதவர்களிடம் நானாகப் போய்ப் பேசுவேன்.”
“பல இரவுகள் எனக்குத் தூக்கம் வருவதில்லை.”
“மற்றவர்கள் என்னைப் பற்றிப் பின்னால் பேசுவதாக நினைப்பேன்.”
“கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களை நம்ப முடியாது.”
“நான் எளிதில் சோர்ந்துபோகாதவன் இல்லை.”

இதை எங்கிருந்து தொடங்கித் திருத்துவது? இந்த வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

முன்னாள்_பி_எம்

தையல் தளத்தில் பல வருடம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவன் நான். திருத்தவே வேண்டாம், நிறுத்திவிடுங்கள். ஆளை இரண்டு நாள் லைனில் விட்டுப் பாருங்கள். ஒரு டெய்லர் லீவு போட்டால் லைனை எப்படி பேலன்ஸ் பண்ணுகிறார், ஆல்டர் பீஸ் (திருத்தித் தைக்க வேண்டியவை) குவிந்தால் யார் மேல் பாய்கிறார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வினாத்தாளில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்கள் தையல் பெண்களிடம் வாய்க்கு வந்தபடி கத்தியதை நேரில் பார்த்திருக்கிறேன். இருந்த நல்ல டெய்லர்கள் அவர்களால் பக்கத்து கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

அளவைக்கோல்

கல்லூரியில் உளவியல் அளவீடு பாடம் நடத்துகிறேன். ஐயா சொன்ன முடிவுக்கே இந்தத் துறையும் ஒரு காலத்தில் வந்திருந்தது. 1965-ல் ராபர்ட் கையனும் ரிச்சர்ட் காட்டியரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, ஆள் எடுப்பதற்கு ஆளுமைத் தேர்வைப் பொதுவாகப் பரிந்துரைக்கச் சான்று இல்லை என்று எழுதினார்கள். அடுத்த 25 ஆண்டு பெரும்பாலோர் இந்தப் பக்கமே வரவில்லை.

1991-ல் பாரிக், மவுண்ட் இருவரும் நிறைய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தபோதுதான் நிலைமை மாறியது. ஆளுமையை ஐந்து பெரிய பண்புகளாகப் பிரித்து வைத்துப் பார்த்தால், பொறுப்புணர்வு என்ற ஒன்று எல்லா வகை வேலையிலும் செயல்திறனோடு ஒட்டுறவு காட்டியது (ஒன்று கூடும்போது இன்னொன்றும் எவ்வளவு கூடுகிறது என்பதைச் சொல்லும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). எல்லாரோடும் கலந்து பழகும் தன்மை விற்பனையிலும் மேலாளர் வேலையிலும் மட்டும் கொஞ்சம் உதவியது.

அந்த ஒட்டுறவு எவ்வளவு என்பதை உங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். பால் சாக்கெட்டும் மற்றவர்களும் 2022-ல் பழைய கணக்குகளை எல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தபோது பொறுப்புணர்வுக்குக் கிடைத்தது 0.19. எல்லாருக்கும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42.

0.2 ஒட்டுறவு நடைமுறையில் எப்படி இருக்கும்? தேர்வில் மேல் பாதியில் வந்த 100 பேரில் ஏறத்தாழ 56 பேர் வேலையிலும் மேல் பாதியில் இருப்பார்கள். கீழ் பாதியில் வந்த 100 பேரிலும் 44 பேர் வேலையில் மேல் பாதிதான். அந்த 44 பேரையும் சேர்த்துத்தான் கட்-ஆஃப் 50 வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. முழுக்கப் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். பலரை எடுக்கும் இடத்தில் சிறு உதவியும் உதவிதான். ஆனால் இதை மட்டும் வைத்து ஒருவரைக் கழிக்கிற தகுதி இதற்கு இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றீர்கள். 160 வாக்கியங்களையும் மூடி வைத்துவிட்டு வேலையிலிருந்து தொடங்குங்கள். ஜான் ஃபிளனகன் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்காக உருவாக்கி 1954-ல் விரிவாக எழுதிய முறை ஒன்று இருக்கிறது. ‘நல்ல சூப்பர்வைசர் எப்படி இருக்க வேண்டும்’ என்று கேட்டால் எல்லாரும் நேர்மை, உழைப்பு, தலைமைப்பண்பு என்று ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, ‘சமீபத்தில் ஒரு சூப்பர்வைசர் செய்த காரியத்தால் வேலை நன்றாக நடந்தது, அல்லது கெட்டுப்போனது, அப்படி ஒரு சம்பவம் சொல்லுங்கள், என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அப்புறம் என்ன ஆனது’ என்று கேளுங்கள். மேனேஜர்களிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். டெய்லர்களிடமும் கட்டாயம் கேளுங்கள். சூப்பர்வைசர் கீழ் வேலை செய்கிறவர்கள் அவர்கள்தானே.

வேலை_தேடுபவன்

இந்தத் தேர்வை எழுதும் பக்கத்தில் இருப்பவன் நான். ‘பொய் சொன்னதில்லை’ என்ற கேள்வியை ஓர் இடத்தில் நானும் நண்பனும் சேர்ந்தே எழுதினோம். நான் உண்மையாக ‘இல்லை, சொல்லியிருக்கிறேன்’ என்ற பக்கம் குறித்தேன். அவன் ‘முழுக்கச் சரி’ என்று குறித்தான். வெளியே வந்து பேசும்போதுதான் தெரிந்தது. எங்களுக்கு மதிப்பெண்ணையும் காட்டவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவனுக்கு அழைப்பு வந்தது, எனக்கு வரவில்லை. அந்த ஒரு கேள்வியால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்து எழுதுவது எவ்வளவு மன உளைச்சல் என்பதைத் திருத்துகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான கேள்விகளுக்கு அவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்பது எழுதுகிற எல்லாருக்கும் தெரியும்.

வழக்கறிஞர்_ஈரோடு

நான் தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவள். தூக்கம், பின்னால் பேசுவது, கடவுள் நம்பிக்கை: இந்த மூன்றையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். திருத்தம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் இரண்டும் மனநல மருத்துவமனைகளுக்கு எழுதப்பட்ட வினாத்தாள்களின் சாயல். எம்.எம்.பி.ஐ. போன்றவை 1943-லேயே நோயறிவதற்காக வந்தவை. அவற்றை அப்படியே ஆள் எடுக்கக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு வழக்குகள் உண்டு. டார்கெட் கடைகளில் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு 704 கேள்விகள் கொடுத்தார்கள். அதில் மத நம்பிக்கையும் பாலியல் விருப்பமும் இருந்தன. சொரோக்கா என்பவர் வழக்குப் போட்டார். வேலைக்கும் அந்தக் கேள்விகளுக்கும் என்ன தொடர்பு என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-ல் விண்ணப்பதாரர்கள் பக்கம் நின்றது. 1993-ல் நிறுவனம் பணம் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. இரண்டாவது, 2005-ல் ரென்ட்-ஏ-சென்டர் வழக்கு. பதவி உயர்வுக்கான தேர்வில் எம்.எம்.பி.ஐ. கேள்விகளை வைத்திருந்தார்கள். அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் நம் சட்டத்திலும் அதே திசை இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைகள் உள்ளன. மனநோயும் அதில் ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒருபக்கம் அந்தக் கொள்கையைச் சுவரில் ஒட்டிவிட்டு, மறுபக்கம் தூக்கம் வருகிறதா என்று கேட்டு மதிப்பெண் குறைத்தால் கேள்வி வரும்.

செல்போனுக்கு மாற்றுகிறீர்கள் என்பதால் இன்னொன்று. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த நோக்கத்துக்குச் சம்மதம் வாங்குகிறீர்களோ அதற்குத் தேவையான தரவை மட்டும்தான் எடுக்கலாம். சம்மதப் படிவத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதியும் கொடுக்க வேண்டும். தமிழும் இந்தியும் ஒடியாவும் அதில் உண்டு.

பின்னலாடை_மனிதவளம்

மிக்க நன்றி மேடம். அந்த மூன்றோடு அதே மாதிரி இருந்த மற்றவற்றையும் எடுத்துவிட்டோம். நிர்வாகம் எதிர்ப்புச் சொல்லவில்லை.

அளவைக்கோல் சார், சம்பவங்கள் சேகரித்தோம். டெய்லர்களிடம் பேச எங்கள் பிரிவில் இருக்கும் ஒரு அக்காவை அனுப்பினேன். சாப்பாட்டு நேரத்தில், சூப்பர்வைசர்கள் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்டார். மேனேஜர்கள் சொன்னதும் டெய்லர்கள் சொன்னதும் ஒரே வேலையைப் பற்றியவை என்று நம்பவே முடியவில்லை. மேனேஜர்கள் ‘டார்கெட்டை முடிப்பார்’ என்பதையே சுற்றி வந்தார்கள். டெய்லர்கள் சொன்னவற்றில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

ஒன்று, ஆல்டர் கணக்கை மறைப்பது. டேமேஜ் பீஸை அன்றைக்குச் சொல்லாமல் அடியில் போட்டுவிடுவது, ஷிப்மென்ட் சமயத்தில் வெளிவந்ததும் பழியை டெய்லர் மேல் போடுவது. இரண்டாவது, அழுத்தம் வரும்போது கத்துவது. அதிலும் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம். மூன்றாவதை நான் எதிர்பார்க்கவே இல்லை: சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது. ‘நாளைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் தருகிறேன், இன்று ஓவர்டைம் பார்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் இல்லை என்று சொல்பவர் லைனில் ஆள் நிற்பதில்லை.

பழைய 160-ல் இந்த மூன்றையும் நேராகத் தொடுபவை மிகக் குறைவு. விருந்தில் பேசுவது போன்றவைதான் ஏராளம்.

முன்னாள்_பி_எம்

அந்த மூன்றாவது நூற்றுக்கு நூறு உண்மை. பர்மிஷன் விஷயத்தில் ஒருமுறை வார்த்தை தவறினால் அந்த லைன் அவரை நம்பாது. இதைப் பிடிக்கிற கேள்வி எழுதுவீர்கள் என்றால் நான் என் எதிர்ப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

அளவைக்கோல்

மிக நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இந்த மூன்றும் தெரிந்த பண்புகளோடு அழகாகப் பொருந்துகின்றன. கணக்கை அன்றே சொல்வதும் வாக்கைக் காப்பதும் பொறுப்புணர்வின் இரண்டு கிளைகள். கத்தாமல் இருப்பது உணர்ச்சி நிதானம், இணக்கம் இரண்டிலும் வருகிறது. ஆக, ஐந்து பண்புகளையும் அளக்க வேண்டிய அவசியமே இல்லை. 60 கேள்விகளை ஐந்துக்குப் பங்கு போடுவதைவிட மூன்றுக்குப் போட்டால் ஒவ்வொன்றும் உறுதியாக இருக்கும்.

வாக்கியம் எழுதும்போது வேலையை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடுங்கள். ‘நான் ஒழுங்கானவன்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘வேலையில்’ என்று இடத்தைக் குறித்துக் கேட்கும் வினாத்தாள்கள் செயல்திறனை நன்றாக முன்சொல்கின்றன. ஷாஃபரும் போஸ்ட்லத்வெய்ட்டும் 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். காரணமும் புரிகிற ஒன்றுதான். வீட்டில் அலமாரியைக் கலைத்துப் போடும் ஒருவர் வேலையிடத்தில் கணக்குப் புத்தகத்தைப் பிசகாமல் எழுதலாம். பொதுவாகக் கேட்டால் ஒருவர் வீட்டை நினைத்துப் பதில் சொல்வார், இன்னொருவர் வேலையை நினைத்துச் சொல்வார். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்கிறோம்.

மாதிரிக்கு:

“வேலையில் ஏற்பட்ட தவறை மேலே இருப்பவர் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுவேன்.”
“வேலை நெருக்கடியான நாளிலும் அன்றைய கணக்கை அன்றே எழுதி முடிப்பேன்.”
“கூட வேலை செய்பவர் ஒரே தவறைத் திரும்பச் செய்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.”
“வேலையில் ஒருவருக்குச் சொன்ன வார்த்தையைச் சூழ்நிலை மாறியதால் விட்டுவிட்டிருக்கிறேன்.”

புதிதாகப் படிப்பு முடித்து வருகிறவர்களுக்கு ‘வேலையிலோ படிப்பிலோ’ என்று போடுங்கள். ஷிப்மென்ட், ஆல்டர் என்ற சொற்களை வாக்கியத்தில் வைக்காதீர்கள். இல்லாவிட்டால் முன்பே இந்தத் தொழிலில் இருந்தவருக்குச் சாதகமாகப் போய், ஆளுமைக்குப் பதில் அனுபவத்தை அளந்துகொண்டிருப்போம்.

பின்னலாடை_மனிதவளம்

> “நான் எளிதில் சோர்ந்துபோகாதவன் இல்லை.”

இந்த மாதிரி வாக்கியங்களை என்ன செய்வது? யாராவது யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் ‘சரி’ போட்டால் பிடிப்பதற்காக வைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அளவைக்கோல்

நோக்கம் சரி. சிலர் எதைக் கேட்டாலும் ஆமாம் பக்கம் சாய்வார்கள், அதைச் சமன்செய்ய எதிர்ப்பக்க வாக்கியங்கள் வேண்டும். ஆனால் எதிர்ப்பக்கத்தை ‘இல்லை’, ‘மாட்டேன்’ போட்டு உண்டாக்கக் கூடாது. மறுப்பு வாக்கியத்துக்கு ‘கொஞ்சமும் இல்லை’ என்ற கட்டத்தில் குறிப்பவர் எதை மறுக்கிறார் என்று அவருக்கே குழப்பம் வரும். ‘வேலை நடுவில் எனக்குச் சீக்கிரம் சோர்வு வந்துவிடும்’ என்று நேராக எழுதினால் அதுவே எதிர்ப்பக்க வாக்கியம் ஆகிவிடுகிறது.

‘பொய் சொன்னதே இல்லை’ பற்றி. வேலை_தேடுபவன் தம்பி சொன்னது முக்கியமானது. இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பெரிய வரலாறு உண்டு. எம்.எம்.பி.ஐ.யிலேயே 15 கேள்விகள் இதற்கென்று இருந்தன. 1960-ல் கிரவுன், மார்லோ இருவரும் தனி அளவுகோலே கொண்டுவந்தார்கள். எல்லாரிடமும் இருக்கும் சின்னக் குறையை மறுப்பவர் மற்ற கேள்விகளிலும் நடித்திருப்பார் என்பது அடிப்படை எண்ணம். சிக்கல் என்னவென்றால், உண்மையிலேயே கட்டுப்பாடாக வாழ்பவரும், மத நெறியில் ஊறியவரும், நடிப்பவரும் அதில் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து மற்றவற்றைத் திருத்தினாலும் நேர்மையான பதில் திரும்பக் கிடைப்பதில்லை. அதை மதிப்பெண்ணில் சேர்க்கவே கூடாது. என்னைக் கேட்டால் தாளிலிருந்தே எடுத்துவிடுவேன். உண்மை பேசியவரைத் தண்டிக்கும் கேள்வி ஒரு நேர்மையான தேர்வில் இருக்கக் கூடாது.

யாழ்_லண்டன்

இங்கே இங்கிலாந்தில் தேர்வுத் தயாரிப்புப் பக்கம் வேலை செய்கிறேன். நடிப்பைக் குறைக்க இன்னொரு வழி இருக்கிறது. வாக்கியத்துக்கு ஐந்து கட்டம் கொடுக்காமல், மூன்று நல்ல வாக்கியங்களை ஒன்றாக வைத்து, ‘இதில் எது உங்களுக்கு அதிகம் பொருந்தும், எது குறைவாகப் பொருந்தும்’ என்று கேட்பது. எல்லாமே நல்லதாக இருக்கும்போது எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது.

வினாத்தாள் திருத்தத்துக்கு நல்ல பாடம் ஓ.பி.க்யூ. என்ற தேர்வு. சேவில் அண்ட் ஹோல்ட்ஸ்வர்த் நிறுவனம் 1984-ல் வெளியிட்டது, முழுக்க வேலையிடத்துக்காகவே எழுதப்பட்டது. 1999-ல் 32 பண்புகளுடன் புது வடிவம் வந்தது. அதன் ஒரு வகையில் நான்கு நான்கு வாக்கியங்களாக 104 தொகுதிகள். நடிப்பைத் தடுத்தாலும் அதன் கணக்கில் குறை இருந்தது. ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றில் குறைந்தே ஆக வேண்டும் என்பதால் எல்லாருடைய மொத்தமும் ஒரே எண்தான். அப்படி இருக்கும்போது ஒருவருக்குள் எது ஓங்கி நிற்கிறது என்று சொல்லலாம். ஆனால் இவர் அவரைவிடப் பொறுப்பானவரா என்று ஒப்பிட முடியாது. ஆள் எடுப்பதற்கு அந்த ஒப்பீடுதானே வேண்டும்? பண்புகள் குறைவாக இருந்தால் இன்னும் மோசம். ஐந்து பண்பு என்றால் அவற்றுக்குள் சராசரி ஒட்டுறவு -0.25 பக்கம் தானாகவே போய் நிற்கும். அது கணக்கு உண்டாக்கிய உறவு, மனிதர்களிடம் இருப்பது இல்லை.

பின்னால் அன்னா பிரவுனும் ஆல்பர்ட்டோ மைடேயு-ஒலிவாரெஸும் உருவாக்கிய புள்ளியியல் முறையால் இந்தச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. 2011-ல் கட்டுரையாக வந்தது. அதைக் கொண்டு ஓ.பி.க்யூ.வில் தொகுதிக்கு ஒரு வாக்கியத்தை எடுத்து மூன்றாக்கினார்கள். 416 வாக்கியங்கள் 312 ஆயின. வாக்கியம் குறைந்தும் ஆளுக்கு ஆள் ஒப்பிடுவது சாத்தியமானது.

பின்னலாடை_மனிதவளம்

அக்கா, எங்களால் அது முடியுமா?

யாழ்_லண்டன்

தனியாக முடியாது என்றே சொல்வேன். அந்தக் கணக்குப் போட நிறையப் பேருடைய பதில் வேண்டும், தொகுதிக்குள் வைக்கும் வாக்கியங்கள் மூன்றும் சம அளவில் ‘நல்லவை’ என்று முதலில் சோதிக்க வேண்டும். உங்கள் அளவுக்கு ஐந்து கட்ட முறையே போதும். கூடவே இரண்டு விஷயம் செய்யுங்கள். ‘உங்கள் பதில்களில் சிலவற்றைப் பற்றி நேர்காணலில் உதாரணம் கேட்போம்’ என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், சொன்னபடி உண்மையிலேயே கேளுங்கள். ‘கணக்கை அன்றே எழுதுவேன் என்று குறித்திருக்கிறீர்கள், கடைசியாக அப்படி நெருக்கடியான நாள் எது, என்ன செய்தீர்கள்’ என்று. வினாத்தாள் நேர்காணலுக்குத் திறப்பு மாதிரி இருக்கட்டும்.

இன்னொன்று: எம்.பி.டி.ஐ. மாதிரி நான்கு எழுத்தில் ஆளை வகைப்படுத்தும் எதையும் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆள் எடுக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.

தரவுப்_பித்தன்

160-லிருந்து 60 என்பதற்குக் கணக்கு. உங்கள் பழைய தாளில் ஐந்து பண்பு, பண்புக்கு 32 கேள்வி, நம்பகத்தன்மை (அதே ஆளை மறுபடி அளந்தால் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் வரும் என்பது; முழு அளவு 1) 0.85 என்று வைத்துக்கொள்வோம். அதே தரமுள்ள கேள்விகளாக 12 மட்டும் விட்டால், கேள்வி எண்ணிக்கை மாறும்போது நம்பகத்தன்மை எவ்வளவு மாறும் என்று சொல்லும் ஸ்பியர்மேன்-பிரவுன் சூத்திரப்படி 0.68-க்கு இறங்கும். மதிப்பெண்ணின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 10 என்றால் அளவீட்டுப் பிழை 5.7 அளவுக்கு வரும். அதாவது 48 வாங்கியவரும் 52 வாங்கியவரும் உண்மையில் வேறு வேறா என்று சொல்ல முடியாது. கட்-ஆஃப் 50 அவர்களில் ஒருவரை உள்ளே விட்டு மற்றவரை வெளியே தள்ளுகிறது. நிர்வாகத்திடம் இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிக் காட்டுங்கள். மூன்று பண்பு, பண்புக்கு 20 என்றால் அதே கணக்கில் 0.78 கிடைக்கும்.

நம்பகத்தன்மையைக் கூட்டவேண்டும் என்று ஒரே வாக்கியத்தை வேறு வேறு சொற்களில் திரும்பக் கேட்காதீர்கள். எண் அழகாக ஏறும், ஆனால் அளப்பது குறுகிப்போகும்.

புதுத் தாள் வேலை செய்கிறதா என்று உங்கள் நிறுவனத்திலேயே சோதிக்க எத்தனை பேர் கிடைப்பார்கள்? 0.2 ஒட்டுறவை நம்பிக்கையோடு கண்டுபிடிக்கச் சுமார் 194 பேர் வேண்டும்.

பின்னலாடை_மனிதவளம்

எல்லா யூனிட்டும் சேர்த்தால்கூட சூப்பர்வைசர்கள் ஐம்பது பேர் தேற மாட்டார்கள்.

தரவுப்_பித்தன்

அப்படியானால் உங்கள் ஐம்பது பேரை வைத்து ‘நிரூபித்துவிட்டோம்’ என்றும் சொல்ல முடியாது, ‘வேலை செய்யவில்லை’ என்றும் சொல்ல முடியாது. அவர்களைக் கேள்விகளைச் சலிக்கப் பயன்படுத்துங்கள். எல்லாரும் ஒரே பதில் போடும் கேள்வி பயனில்லை, எடுத்துவிடலாம். கணக்கை மறைப்பது பற்றிய கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்க்கலாம். அந்த ஐம்பது பேர் வேலையில் இருப்பவர்கள், நடிக்க அவசியம் இல்லாதவர்கள். விண்ணப்பிக்கிறவர்களின் மதிப்பெண் அவர்களைவிடக் கூடுதலாகத்தான் வரும். ஒப்பிட வேண்டும் என்றால் விண்ணப்பதாரரை விண்ணப்பதாரரோடுதான் ஒப்பிட வேண்டும்.

அளவைக்கோல்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். சொந்தமாக நிரூபிக்க ஆள் போதாத நிறுவனம், ஏற்கெனவே பலர் சோதித்த கேள்விகளின் மேல் கட்டுவதே நல்லது. லூயிஸ் கோல்ட்பெர்க் தொடங்கிய ஐ.பி.ஐ.பி. என்ற கேள்வித் தொகுப்பில் 3,000-க்கு மேற்பட்ட வாக்கியங்கள் உள்ளன. யாரும் காசில்லாமல், அனுமதி கேட்காமல் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம். உங்கள் பழைய தாள் விலைக்கு விற்கும் ஏதோ ஒரு தேர்விலிருந்து உருவப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பதிப்புரிமைச் சிக்கலும் இதனால் போகும். சம்பவங்களிலிருந்து நீங்கள் எழுதியவற்றோடு இவற்றைக் கலந்து வையுங்கள்.

தமிழாக்கம், இந்தியாக்கம் செய்யும்போது திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து ஒப்பிடுவதோடு நிறுத்தாதீர்கள். பத்தாவது படித்த சிலரை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்து என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடம் உடனே தெரிந்துவிடும். ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்து சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கும் இதே மாதிரி தனியாகச் செய்யுங்கள்.

வேலை_தேடுபவன்

பெண் விண்ணப்பதாரர்களுக்கு மதிப்பெண் தனியாக ஒப்பிடுவார்களா? என் தங்கை இதே வேலைக்கு முயற்சி செய்கிறாள். கேட்டால் ‘இரவு எந்த நேரமும் தயங்காமல் தனியாக இருப்பேன்’ மாதிரிக் கேள்வி இருந்ததாகச் சொன்னாள்.

வழக்கறிஞர்_ஈரோடு

ஆணுக்கு ஒரு பட்டியல், பெண்ணுக்கு ஒரு பட்டியல் என்று ஒப்பிடுவதை அமெரிக்காவில் 1991 குடிமை உரிமைச் சட்டமே தடை செய்துவிட்டது. இங்கேயும் அதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கேள்வியைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் தங்கை சொன்ன கேள்வி துணிச்சலை அளக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு இரவில் பாதுகாப்பாக வீடு திரும்ப வழி இருக்கிறதா என்பதை அளக்கிறது. அது நிறுவனம் பஸ் விட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம். வினாத்தாளில் அதற்கு இடமே இல்லை.

அளவைக்கோல்

ஆமாம். மொத்த மதிப்பெண் ஒரே அளவில் இருக்கும் ஆண்களும் பெண்களும் ஒரு குறிப்பிட்ட கேள்வியில் மட்டும் வேறுபட்டால், அந்தக் கேள்வி வேறு எதையோ தொடுகிறது என்று பொருள். ஆள் குறைவாக இருந்தாலும் இதைக் கண்ணால் பார்த்தாவது சரிபாருங்கள்.

பின்னலாடை_மனிதவளம்

எல்லாருக்கும் பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். நிர்வாகத்தோடு பேசி முடிவானது இது. மூன்று பண்பு, பண்புக்கு 20 வாக்கியம். கட்-ஆஃப் போகிறது. வினாத்தாள் மட்டும் வைத்து யாரையும் கழிப்பதில்லை. நேர்காணலில் எதைத் தோண்டிக் கேட்பது என்பதற்கு மட்டும் பயன்படும். நேர்காணலுக்கு எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் முறை. முன்னாள்_பி_எம் ஐயா சொன்ன இரண்டு நாள் லைன் சோதனையையும் சேர்க்கிறோம், அந்த இரண்டு நாளுக்குச் சம்பளம் உண்டு. தேர்வாகாதவர் கேட்டால் எந்தப் பகுதியில் குறைந்தது என்று சொல்வோம். வேலை_தேடுபவன் எழுதியதை நிர்வாகத்துக்கு அப்படியே படித்துக் காட்டினேன்.

இரண்டு கேள்வி மிச்சம். சேர்ந்தவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பின்னால் ஒப்பிட யாரிடம் மதிப்பெண் வாங்குவது? மெர்ச்சண்டைசர் வேலைக்கும் இதே தாளைக் கொடுக்கலாமா?

முன்னாள்_பி_எம்

சம்பளம் கொடுக்கிறீர்கள் என்பது சந்தோஷம். ஃப்ளோர் இன்சார்ஜிடம் மட்டும் கேட்காதீர்கள், அவர் டார்கெட்டை வைத்துத்தான் போடுவார். லைனில் ஆள் நிற்கும் கணக்கு, ஆல்டர் சதவீதம் இரண்டும் ரிஜிஸ்டரிலேயே இருக்கும், அதையும் எடுங்கள்.

அளவைக்கோல்

ஐயா சொன்ன இரண்டோடு, ஃப்ளோர் இன்சார்ஜ் ஒருவர், தரப் பிரிவில் ஒருவர் எனத் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். டெய்லர்கள் பெயர் போடாமல் போடட்டும். யாருக்கும் வினாத்தாள் மதிப்பெண் முன்கூட்டியே தெரியக் கூடாது. தெரிந்தால் அதைப் பார்த்தே போடுவார்கள், பிறகு ஒட்டுறவு பொய்யாக உயரும். சேர்ந்து ஆறு மாதம் கழித்து வாங்குங்கள், வினாத்தாள் மதிப்பெண்ணை உங்கள் பிரிவிலேயே பூட்டி வையுங்கள். பக்கத்து நிறுவனங்கள் இரண்டு மூன்று இதே தாளைப் பயன்படுத்தச் சம்மதித்தால் 194 என்ற எண் எட்டாத தூரம் இல்லை.

மெர்ச்சண்டைசருக்கு வேண்டாம். அவர் நாள் முழுக்க பையரோடும் மில்லோடும் பேசுகிறவர். அந்த வேலைக்கு மறுபடி சம்பவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.